மாதாவிடம் அவள் சொல்வது

என் தங்கச்சி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை தேய்க்கிறவள். மாதா சிலையை வணங்காத வேறு கிறிஸ்தவ சபையில் சேர்ந்த அவள் மகன், "மாதா சுரூபத்தை எடுத்தாத்தான் வீட்டுக்கு வருவேன். அவங்ககிட்ட வேண்டணும்னு பைபிள்ல எங்க இருக்கு, அம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய் நாலு வருஷமாகிறது.

"கானாவூர் கல்யாணத்துல திராட்சை ரசம் தீந்துபோச்சுன்னு இயேசுகிட்ட யாருடா சொன்னது? பெத்தவதானே. தன் நேரம் இன்னும் வரலைன்னவரு அவங்களுக்காகத் தண்ணிய ரசமாக்கலையா?" என்று அன்றைக்கு அவளும் விடவில்லை.

"சுரூபம் என் வீட்டுல இருக்கட்டும்டி, பிள்ளை வந்துட்டுப் போகட்டும்" என்றேன்.

"அம்மாவை ஒளிச்சு வச்சுட்டா பிள்ளையைக் கூப்பிடறது, அக்கா?" என்றாள்.

கானாவூரில் மாதா எதுவும் கேட்கவில்லை, ரசம் இல்லை என்றுதான் சொன்னாள். இவளும் தினம் வேலை விட்டு வந்து, சுரூபத்தின் முன்னால் நின்று, "பிள்ளை வரல" என்று மட்டும் சொல்வாள். பிறகு இரண்டு தட்டு வைத்து, கதவைத் திறந்து போட்டு, சாப்பாடு ஆறும்வரை உட்கார்ந்திருப்பாள்.