உள்ளே கைப்பிடி இல்லாத வேன்

வடக்குப்பட்டுல கவர்மெண்ட் கம்பெனிங்களுக்காக எடுத்துக்கின எங்க நிலத்துக்குப் பக்கத்துலயே எனக்கு வேலை கிடைச்சுது. வேன் செய்யற கம்பெனியில கடைசி செக்கிங். உள்ளே உட்கார்ந்து பின்கதவை மூடிக்கணும், உள்கைப்பிடியைப் பிடிச்சுத் தள்ளணும், திறந்தா ஓகே. ஒன்பது வருஷமா இதே பொழப்பு. வூட்டு பாத்ரூம் கதவைக்கூட ரெண்டு தடவை தள்ளிப் பார்ப்பேன், பொண்டாட்டி திட்டுவா.

போன வருஷம் போலீஸ் வேன் ஆர்டர் வந்துது. நம்ம கவர்மெண்ட் வேறொரு நாட்டுப் போலீசுக்கு உதவின்னு இனாமா குடுக்குறது. கைதிங்களை ஏத்திக்கினு போற வண்டி. பின்கதவுல உள்ளே கைப்பிடியே கிடையாது. இதுல மட்டும் செக்கிங் தலைகீழ்: உள்ளேர்ந்து திறக்கலன்னாதான் ஓகே.

எங்க லைன்ல கதவு மாட்டறவன் தெக்கத்திக்காரன். மண்ணூர்ல ஒரே ரூம்ல பொண்டாட்டி, கைக்குழந்தையோட இருந்தான். காண்ட்ராக்ட் ஆளு. அந்த மாசக் கடைசியில பர்மனெண்ட் ஆக்குறதா சொல்லியிருந்தாங்க. ஒருநாள் டீ பிரேக்ல, "அண்ணே, எங்கண்ணன இந்த மாதிரி வண்டியிலதான் ஏத்திட்டுப் போனாவ. மூணாம் நாள் பொணமாத்தான் தந்தாவ"ன்னான். டீயைக் குடிச்சிட்டு எழுந்து வந்துட்டேன்.

அடுத்த வாரம் யார்டுல நின்ன போலீஸ் வேன் ஆறுல உள்கைப்பிடி இருந்துது. ஆறும் நான் கையெழுத்துப் போட்டு அனுப்புனது. கை தன்னால தள்ளுச்சு, கதவு திறந்துது, ஓகேன்னு எழுதிட்டேன். பழக்கம், வேற இன்னா.

சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். "மத்த வண்டிக்கு மாட்டற பழக்கத்துல மாட்டிட்டேன் சார்"ன்னான் அவன். அவரும் நம்பிட்டார். "சரி, ரெண்டு பேருக்கும் மெமோ. இதோட வுடுங்க"ன்னார்.

அதோட போயிருக்கும். மெமோன்னதும் என் பாழாப்போன வாய் சும்மா இருந்துச்சா? "சார், அவன் வேணும்னேதான் மாட்டியிருப்பான். அவங்கண்ணனை போலீஸ் வண்டியில ஏத்திக்கினு போனதுலதான் செத்துட்டான்"னு சொல்லிட்டேன். சூப்பர்வைசர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் இல்லைன்னு சொல்லல.

மதியத்துக்குள்ள அவன் ஐடி கார்டை வாங்கிட்டாங்க. ஆறு கைப்பிடியையும் என்னையே கழட்டச் சொன்னாங்க, கழட்டினேன். அந்த வண்டியெல்லாம் கப்பல் ஏறிடுச்சு. எனக்கு மெமோ வரல.

நான் கெட்டவன் இல்லைன்னு சொல்றதுக்காக இதை எழுதல. அன்னிக்கு கேட் வரைக்கும் அவன் பின்னாடியே போனேன். மன்னிப்பு கேட்கலாம்னுதான் போனேன். அடிப்பான்னு நெனச்சேன், அடிச்சிருந்தாலும் தேவலாம்.

"அண்ணே, இங்க வந்து நாலு வருஷத்துல உங்க ஒருத்தர்கிட்டதான் அதச் சொன்னேன்"ன்னுட்டு ஷேர் ஆட்டோவுல ஏறிட்டான்.