திங்கட்கிழமை வயிற்று வலி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்த கதை சொல்லும் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். காலையில் வெறும் காபியோடு கிளம்பியது தப்பு. மூன்றாவது குழந்தை கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு மேடை லேசாகச் சுற்றியது. நடுவரே மயங்கி விழுந்தால் நன்றாகவா இருக்கும்? கைத்தாங்கலாக ஸிக் ரூமுக்கு அழைத்துப் போனார்கள்.

(அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வராந்தாவின் கடைசியில் சின்ன அறை. இரண்டு கட்டில். ஒன்றில் ஏற்கெனவே ஒரு சிறுமி படுத்திருந்தாள். நாலாம் வகுப்பு. ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஸ்கூல் பையின் வாரைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தாள். முனகவில்லை, புரளவில்லை — கண்ணைத் திறந்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் கூசுகிறதே என்று நான் கதவைச் சாத்த எழுந்தேன்.

"வேணாம் ஆன்ட்டி. தெறந்தே இருக்கட்டும்."

மெதுவாகத்தான் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நான் கதவைத் தொடாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

நர்ஸ் ஸ்டெல்லா குளுக்கோஸ் கலந்து கொடுத்தார். சாந்தோம்காரர்; அந்தப் பள்ளியில் பதினெட்டு வருட சர்வீஸ். ரிஜிஸ்டரை நீட்டி, பெயரையும் உடம்புக்கு என்ன என்பதையும் எழுதச் சொன்னார். 'தலைச்சுற்றல்' என்று எழுதினேன். மேல் வரியில் அந்தச் சிறுமியின் பெயர். 'வயிற்று வலி.' சும்மா பக்கத்தைப் புரட்டினேன். போன திங்கட்கிழமை — அவளேதான், வயிற்று வலி. அதற்கு முந்தைய திங்கட்கிழமையும்... அதற்கும் முந்தையதும்... செவ்வாயில் இல்லை. புதனில் இல்லை. திங்கட்கிழமைகளில் மட்டும்.

நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போய், தாழ்ந்த குரலில் சொன்னார். காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே தலைமையாசிரியையிடம், வீட்டில் யாரோ அவளிடம் தப்பாக நடக்கிறார்களோ என்ற தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டாராம். 'வயிற்று வலி என்று மட்டும் எழுதுங்கள், வேறெதுவும் எழுத வேண்டாம்' என்று பதில் வந்ததாம். வகுப்பு டீச்சரும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார். அது ஃபைலுக்குள் போனது. அதன்பின் டீச்சர் வாயே திறக்கவில்லை.

"நானும் தெறக்கல மேடம்," என்றார்.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அறுபதை நெருங்கும் பெண்மணி. எல்லாக் குழந்தைகளின் பெயரும் தெரிந்தவர். எனக்கு இளநீர் வரவழைத்தார். நான் அந்தச் சிறுமியின் பெயரைச் சொன்னதும் சிரிப்பு மாறவில்லை. குரல் மட்டும் இறங்கியது. குடும்ப விஷயம், கையில் ஆதாரம் கிடையாது, தப்பாகிப்போனால் குழந்தையின் பெயரும் அல்லவா கெடும் என்றார். பிறகு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வந்துபோறவர் அவங்க சொந்தக்காரர். நாம எப்படிக் கேக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை என்று நான் சொல்லவே இல்லை.

வெளியே போட்டி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். இளநீரை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

ஸ்டெல்லா கேட் வரை கூட வந்தார். அங்கே ஸ்கூல் வேன் டிரைவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் பேச்சில் அந்தச் சிறுமியின் பெயர் காதில் விழுந்ததும் அவராகவே அருகில் வந்தார்.

"வெள்ளிக்கெயமன்னா அந்தப் பாப்பா எறங்கவே எறங்காது மேடம். இன்னொரு ரவுண்டு போலாமா அங்கிள்னு கேட்டுக்கினே இருக்கும். இன்னாத்துக்குன்னு நான் கேக்கல."

ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குழந்தையோ பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் — வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம் என்றேன். ஸ்டெல்லா தயங்கினார். வேலை போய்விட்டால்? பொய் சொல்வானேன், நானும் தயங்கினேன். விருந்தாளியாக வந்த இடம்... நம் சந்தேகம் தப்பாக இருந்துவிட்டால்? கடைசியில் அவரேதான் என் போனை வாங்கினார். நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். பெயர் கேட்டார்கள் போலிருக்கிறது.

"ஸ்டெல்லா. எழுதிக்குங்க."

பள்ளி விடுவதற்குள் சாதாரண உடையில் இரண்டு பெண் போலீஸார் வந்தார்கள். சிறுமி அன்று அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதிர்ந்து ஓடிவந்த அம்மாவும் அவளும் இப்போது கொட்டிவாக்கத்தில் சித்தி வீட்டில் இருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து அவள் பேச ஆரம்பித்தாள். அந்த உறவுக்காரர் சிறையில். தலைமையாசிரியை மீதும் தனியாக ஒரு வழக்கு — தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம்.

வாக்குமூலம் கொடுக்க என்னை ஸ்டேஷனுக்கு அழைத்தார்கள். "சந்தேகம் வந்தாலே சொல்லணும் மேடம். ஆதாரம் தேடறது எங்க வேலை," என்றார் பெண் இன்ஸ்பெக்டர். நர்ஸையும் டீச்சரையும்கூட அவர் விடவில்லை. இத்தனை மாதம் ஏன் சும்மா இருந்தீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டாராம். ஸ்டெல்லா சாக்குச் சொல்லவில்லை. பயந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடுகிறது தெரியுமா? பள்ளியின் பெயரைக் கெடுத்தது யார் என்ற ஆராய்ச்சி.

வெளியே வரும்போது பெஞ்சில் தலைமையாசிரியை, பக்கத்தில் அவருடைய வக்கீல். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொழந்தை இப்ப நல்லா சாப்பிடறாளா?"

கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை... நிஜமாகவே நிஜம்.

அக்கறை இல்லாதவர்களைக் கண்டுபிடித்துவிடலாம் — அக்கறையோடு சும்மா இருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?