நூற்று ஏழு கிராம்

தேவி சிவப்புக் கொடியை ஏற்றிக் கயிற்றை முடிச்சுப் போட்டபோது மணி இரண்டேகால். கையிலிருந்த போனிலோ பச்சை எரிந்துகொண்டிருந்தது. வேலைக்குச் சேர்ந்த பதினான்கு மாதத்தில் போன் ஒன்று சொல்ல அவள் வேறொன்றை ஏற்றியது கிடையாது.

பாகூருக்கும் கிருமாம்பாக்கத்துக்கும் நடுவில், கரும்புக் கொல்லைகள் சூழ, பதினோரு ஏக்கர் ஐயனார் காடு இருக்கிறது. வீரை மரமும் காசா மரமும் பின்னிக் கிடக்கும் காடு. கரும்பு வெட்டிய பிறகு கொல்லையில் மிஞ்சும் காய்ந்த சோகையைக் கொளுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கோடைக்கு முன் அப்படி வைத்த தீ காட்டுக்குள் புகுந்து ஒன்றரை ஏக்கரைக் கருக்கிவிட்டது. கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்களில் கத்தியைப் போட்டுவிட்டு, பச்சைத் தழையை ஒடித்துத் தீயை அடிக்க முதலில் ஓடியவள் தேவி. அடுத்த வருடம் தீத்தடுப்புத் திட்டத்துக்காரர்கள் காட்டோரம் கம்பம் நட்டு, பெட்டி மாட்டி, பார்த்துக்கொள்ள ஆள் கேட்டார்கள். ஊர் அவள் பெயரைச் சொன்னது.

பெட்டி காற்றையும் வெயிலையும் அளக்கும். அதிலிருந்து இறங்கும் கம்பி தரைச் சருகின் ஈரத்தை அளக்கும். ஈரம் பத்துக்குக் கீழே போனால் போனில் சிவப்பு வரும். அன்று பக்கத்துக் கொல்லைகளில் தீ வைக்கக் கூடாது. போனைப் பார்த்துக் கொடி ஏற்றுவதுதான் தேவியின் வேலை.

எட்டாவதோடு பள்ளியை விட்டவள் என்றாலும், தான் அளந்து பார்க்காத எதையும் அவள் முழுதாக நம்பியதில்லை. பயிற்சி வகுப்பில் ஒரு படம் ஒரு நிமிடம் ஓடியது. ஏதோ ஒரு நாட்டுக் காட்டில், வெளியே மாட்டி வைத்த குச்சிகளை எடுத்துத் தராசில் வைத்தார்கள். நன்றாகக் காய்ந்தபோது நூறு கிராம் இருக்கும் குச்சி, காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் எடை கூடும். எத்தனை கிராம் கூடியதோ அத்தனை ஈரம். மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். தேவி வீட்டுக்கு வந்து சவுக்குக் குச்சி வெட்டினாள். முதல் கட்டு பிளந்தது. இரண்டாவது வளைந்தது. மூன்றாவதைத் தூக்கிக்கொண்டு இன்னாசிமுத்துவின் பேக்கரிக்குப் போனாள்.

"இன்னா தேவி, குச்சிய சுட்டு டீல தொட்டுத் துன்னப் போறியா?" என்றார் அவர்.

"ரொட்டி எடுத்தப்புறம் அடுப்பு சும்மாதான சூடா கெடக்குது. ரெண்டு நாளு உள்ள வைங்கண்ணா."

எடை இறங்குவது நின்றதும், கண்ணாடிச் சில்லால் சீவிச் சீவிக் கட்டைச் சரியாக நூறு கிராமுக்குக் கொண்டுவந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டினாள். தினமும் இரண்டு மணிக்கு எடை. நோட்டில் ஒரு பக்கம் குச்சி, எதிர்ப்பக்கம் பெட்டி. நான்கு மாதத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்ததே இல்லை.

அன்று பெட்டி இருபத்திரண்டு என்றது. குச்சி நூற்று ஏழு கிராம். மூன்று தடவை வைத்துப் பார்த்தாள், நூற்று ஏழுதான். கடல்காற்று ஏற வேண்டிய நேரம் தாண்டியும் மேற்கிலிருந்து மேல்காற்று அனலாக அடித்தது. காட்டுக்கு மேற்கே தங்கவேலின் இரண்டு ஏக்கர் சோகை கிடந்தது. அங்கே தீ வைத்தால் காற்று நேரே காட்டுக்குள் கொண்டுவந்து விட்டுவிடும்.

தங்கவேல் பைக்கை வரப்போரம் நிறுத்தினார். அவர் கொல்லையில் தேவி பதினாறு வருடம் கரும்பு வெட்டியிருக்கிறாள்.

"இன்னா தேவி, போன்ல பச்ச. நீ செவப்ப ஏத்திக்கினு நிக்கற?"

"குச்சி ஏழு காட்டுதுங்கய்யா. இன்னிக்கி வேணாம்."

"நாலு மணிக்கு உழவுக்கு டிராக்டரு வருது. அம்மாம் பெரிய பொட்டி பொய்யி, உன் அடுப்புக் குச்சி நெசமா?"

"பொட்டி பொய் சொல்லாதுங்க. அதுக்கு எங்கேருந்தோ ஈரம் பட்டுக்கினு இருக்குது."

"மழ பேஞ்சி மூணு மாசம் ஆவுது. நான் வந்து வாய் கொப்புளிச்சனா?"

திட்டத்தின் இன்ஜினியர் புகழேந்தியைப் போனில் பிடித்து, அதைத் தேவியிடம் நீட்டினார் தங்கவேல். "அக்கா, இங்கயும் பச்சைதான் காட்டுது," என்றான் அவன். "நீங்களா கொடிய மாத்தினா மேல கேப்பாங்க. வேலைக்கே ஆபத்தாயிடும்."

"கேக்கட்டும் தம்பி. நான் பதில் சொல்றேன்."

தங்கவேல் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். தேவி குரலை உயர்த்தவில்லை.

"அர மணி நேரம் குடுங்கய்யா. காரணம் காட்டலன்னா அப்புறம் பேசுங்க."

"அர மணி. அதுக்கு மேல ஒரு நிமிசம் கெடயாது."

களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கம்பி புதைந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். மேல் சருகு அப்பளமாக நொறுங்கியது. நாலு விரல் தள்ளிய சருகும் அப்படியே. கம்பியின் அடியில் மட்டும் மண் சில்லென்றிருந்தது. அந்த ஈரம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று கொத்திக் கொத்தி, மண்ணை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே மேற்கே நகர்ந்தாள். ஐந்தடி, பத்தடி. தங்கவேலின் வரப்பில் வந்து நின்றாள். அங்கே ஒரு முழம் தோண்டியதும் சேறு; சேற்றுக்குள் வெள்ளைக் குழாய். அதன் இணைப்பில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. போன வாரம் அவர் புதிதாகப் பதித்த குழாய். ஒழுகிய தண்ணீர் ஊறி ஊறி இன்றுதான் கம்பியை எட்டியிருந்தது.

தங்கவேல் குனிந்து பார்த்தார்.

"ஒரு வாரமா கடைசி பாத்திக்குத் தண்ணி வரலன்னு மோட்டார்காரனத் திட்டித் தீத்துட்டேன்," என்றார். "இங்க ஐயனாருக்குப் பாஞ்சிக்கினு கெடக்குது."

"அதத்தாங்கய்யா பொட்டி சொல்லுச்சி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிராக்டர்காரனுக்கு அவரே போன் போட்டு, வர வேண்டாம் என்றார்.

மறுநாள் புகழேந்தி வந்து கம்பியைப் பிடுங்கினான். எங்கே நடுவது என்று தேவியைக் கேட்டான். அவள் இடம் காட்டி, குழியும் பறித்தாள். மாலைக்குள் பெட்டி எட்டு என்றது, போன் சிவந்தது. அவன் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துக்கொண்டு போனான். ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது: குச்சியும் பெட்டியும் ஒத்துப்போனால்தான் பச்சைக் கொடி. திட்டத்தில் உள்ள மற்ற நான்கு காடுகளுக்கும் குச்சி தேவியே செய்து தர வேண்டும். இன்னாசிமுத்து தன் அடுப்பில் ரொட்டிக்கு இடமில்லை என்று வருவோர் போவோரிடமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்கிறார், பெருமையாக.

தங்கவேலின் சோகை, குழாயைக் கண்டுபிடித்த ஆறாம் நாள்தான் எரிந்தது. அன்று கடல்காற்று மதியமே ஏறிவிட்டது. பெட்டி பதினான்கு, குச்சி நூற்றுப் பதின்மூன்று. பச்சைக் கொடி பறந்துகொண்டிருந்தும் அவர் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை. வரப்பில் நின்ற தேவியைத் திரும்பிப் பார்த்தார்.

"வைக்கலாமா?"

அவள் காற்றை ஒரு தடவை பார்த்தாள்.

"வைங்க."

புகை காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே போனது.