சுவருக்கு அப்பால் அழுதவள்

தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் குடும்பம். அதில் வரும் அம்மா, பழைய படக் கதாநாயகியைப் போலக் கதவில் சாய்ந்து விம்மி விம்மி அழுகிறாள். என் பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

“ஆரைப் பகிடி பண்ணுறாங்கள் எண்டு தெரியுமோ?”

“தெரியாது. ஆனா அழுறதப் பாக்கச் சிரிப்பா இருக்கு.”

நானும் அப்படிச் சிரித்தவள்தான். அறுபதுகளில், திருகோணமலையில், எங்கள் குசினிச் சுவருக்கு அந்தப் பக்கம் தியேட்டர். வீட்டுப் பெண்களைப் படம் பார்க்க அப்பா விடமாட்டார். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, குசினியில் சமையலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே எல்லாப் படங்களையும் காதால் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பைக் கடித்து, கதாநாயகி அழுவதை எனக்கு நடித்துக் காட்டுவார். துறைமுகத்தில் கப்பல் ஊதியிருந்தால் அதையும் அழுகைக்கு நடுவில் சேர்த்து ஊதுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகும்.

ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது சின்னம்மா குசினியில் அழுதுகொண்டிருந்தார். காலடியில் ஒரு கடிதம். அவருக்குப் பேசிவைத்திருந்த புல்மோட்டை மாப்பிள்ளை வேறிடத்தில் கலியாணம் முடித்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். தியேட்டர் ஒரு கிழமையாகப் பூட்டிக் கிடந்ததும் என் புத்தியில் ஏறவில்லை. கைதட்டிச் சிரித்தேன்.

“இன்னொருக்காச் செய்யுங்கோ சின்னம்மா!”

அவர் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து அழுது காட்டினார். நடுவில் கப்பல் ஊதவும் மறக்கவில்லை.

“இன்னொருக்காப் பாப்பமோ?” என்கிறாள் பேத்தி.

வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “ஓம்” என்கிறேன்.