படமே இல்லாத பாட்டு

பலகைச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால், என் அண்ணன் சுந்தரத்தின் பாட்டு காதுக்கு வருவதற்கு முன்பே முதுகுக்கு வந்துவிடும். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் 'லயத்து' வீட்டுச் சுவரில் ஆணிகள் அடித்து, பழைய சைக்கிளின் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டி, அதைப் பெருவிரலால் அவன் தட்டத் தட்ட, அந்தக் கனத்த ஓசை பலகை வழியே ஏறி என் விலா எலும்பில் வந்து அதிரும். பக்கத்து வீட்டுக்கும் அதே சுவர்தான் என்பதால் அங்கே அடுக்கி வைத்த 'மங்கு'த் தட்டுகளும் சேர்ந்து ஆடும். "டேய் சுந்தரம், ஒன் கம்பிய நிறுத்துடா, ஏந்தட்டு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது" என்று அந்த வீட்டு அஞ்சலை அக்கா கத்துவார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. மாரியம்மன் திருவிழாவில் அடிக்கும் தப்பு, பக்கத்துக் 'கம்பம்' என்கிற மலாய்க் கிராமத்துக் கல்யாணத்தில் ஆடும் ஜோகெட், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு ரேடியோவில் கேட்ட இங்கிலீஷ் பாட்டு என்று எது காதில் விழுந்தாலும் அவன் அந்த ஒரே கம்பியில் கொண்டுவந்து கலந்துவிடுவான். அப்பாவுக்கு அது பிடிக்காது. "சோறு, கொழம்பு, தயிர் எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிப் பெசஞ்சு திங்கிற பய, பாட்டையும் அப்பிடித்தான் பெசையுறான்" என்பார்.

அதிகாலையில் மழை பெய்தால் பட்டை நனைந்துவிடும், பாலுக்கு மரம் வெட்டு கிடையாது, வெட்டு இல்லையென்றால் அன்றைய சம்பளமும் கிடையாது. அம்மா வெட்டுக் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று வானத்தைத் திட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அண்ணன் அந்தப் பாட்டைக் கட்டினான். 'மழையே மழையே கொஞ்சம் நில்லு, மரம் வெட்டப் போவணும் எங்கம்மா' என்று தொடங்கும். சொல் முழுக்க அழுகைதான், ஆனால் அடியில் ஓடும் தாளம் ஜோகெட், கேட்டவர் கால் சும்மா இருக்காது. அம்மா அதைக் கேட்டுவிட்டு, "என்னய வச்சா பாடுற, வெக்கங்கெட்டவனே" என்று திட்டிவிட்டு அடுப்படிக்குப் போய் அதையே முனகிக்கொண்டிருந்தது.

தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொன்னதும் நாங்கள் ஈப்போ நகரத்துப் புந்தோங்குக்கு வந்தோம். அண்ணன் பகலில் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தான். உடன் வேலை செய்த பாக்கார் என்ற மலாய் நண்பர், தான் வாசித்துப் பழசான பேஸ் கித்தாரை அவனுக்குக் கொடுத்தார். ஒரு கம்பிக்கு நாலு கம்பி கிடைத்தால் மனிதன் என்ன ஆவான், தலைகால் புரியாமல் ஆடினான். அதைத் தூக்கிக்கொண்டு போய், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் சேர்ந்தான். குழுவை நடத்தியவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலத்து மேடையில் ஒரே சட்டம்தான் இருந்தது: படப் பாட்டு இசைத்தட்டில் கேட்பதுபோலவே இருக்க வேண்டும். இருமல்கூட அச்சு அசலாக வந்தால் கைதட்டுவார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன்னால், ஒரு கல்யாண வீட்டில், அண்ணன் தன் மழைப் பாட்டைப் பாடினான். பாடி முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒருவர், "எந்தப் படம்லா இது?" என்று கேட்டார். "படம் இல்லண்ணே, நான் கட்டுனது" என்றான் அண்ணன். அவ்வளவுதான், நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த கல்யாணத்தில் மாஸ்டர் ஒரு வேலை செய்தார். மெட்ராஸிலிருந்து படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும் காலம் அது என்பதால், ஒலிபெருக்கியைப் பிடித்து, "படம் இன்னும் நம்ம ஊருக்கு வரல, பாட்டு மட்டும் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணனைப் பாடவைத்தார். கூட்டம் எழுந்து ஆடியது. மறுபடி பாடச் சொல்லி ஆடியது. அன்றிலிருந்து பேராக் மாநிலத்தில் எந்தக் கல்யாணத்திலும் அந்தப் பாட்டு இல்லாமல் பந்தி முடிந்ததில்லை, மற்ற குழுக்களும் பாடின. அண்ணன் முகம் சுண்டியபோதெல்லாம் மாஸ்டர், "மொதல்ல பாட்டு ஓடட்டும்லா, பேரு பெறகு வரும்" என்று முதுகில் தட்டுவார்.

எங்களுக்கு முன்பே புந்தோங்குக்குக் குடிவந்திருந்த அஞ்சலை அக்காகூட, லயத்தில் இதே பாட்டைத் தன் தட்டுகள் ஆட ஆடக் கேட்டவர், "புதுப் படத்துல ஒரு மழப் பாட்டு வந்திருக்காமே" என்று எங்கள் வீட்டிலேயே வந்து சொன்னார். "மெட்ராஸ்ல ஏதுடி ரப்பர் மரம்?" என்று கேட்டது அம்மா ஒருத்திதான். "படம்னா எல்லாம் வரும்லா" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா. பால்மரத்தின் கீழே வயிறு கழுவிய ஒரு சனத்துக்கு, தன் வயிற்றைப் பற்றிய பாட்டுகூடக் கப்பலேறி வந்தால்தான் பாட்டு. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. எண்பதுகளின் நடுவில், புந்தோங் கோயில் திருவிழா மேடையில் மழைப் பாட்டைப் பாடி முடித்து, கைதட்டல் ஓயுமுன், "இது எந்தப் படத்திலயும் வரல. எங்கம்மாவுக்காக நான் எழுதுன பாட்டு. அம்மா அங்க உக்காந்திருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினான். அவன் வாழ்நாளில் கேட்டது அந்த ஒன்றைத்தான், பாட்டின் பக்கத்தில் தன் பேரை.

"படப் பாட்டத் திருடிட்டு தன் பாட்டுங்கிறான்லா" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது, பிறகு கூச்சல், பிறகு ஒரு செருப்பு வந்து கித்தாரில் விழுந்தது. கோயில் கமிட்டிக்காரர் மேடையேறி, "நீங்க சொல்லுங்க மாஸ்டர், இது படப் பாட்டுதானே?" என்று கேட்டார். ஒரு வார்த்தை போதும். மாஸ்டர் கீழே குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்த ஒயருக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தது, நான் பின்னால் ஓடினேன்.

அதன் பிறகு அண்ணன் மேடையேறவில்லை. ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து மீன் ஏற்றும் லோரி ஓட்டினான். கித்தார் சுவரில் தொங்கியது, கம்பிகள் துருப்பிடித்தன, புதுக் கம்பி மாட்டச் சொன்னால், "எதுக்குலா?" என்பான்.

சிலிம் ரிவர் தோட்டத்தில் ரப்பர் போய், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெட்டுக் கத்தி என்றால் என் பிள்ளைகளுக்குத் தெரியாது, காலை மழைக்குப் பயந்து வாசலில் நிற்பவர் யாரும் இல்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டது. பாட்டு மட்டும் சாகவில்லை. போன வருடம் ஈப்போவில் ஒரு கல்யாண மண்டபத்தில், புது மேளதாளமெல்லாம் சேர்த்து அதைப் போட்டார்கள், பிள்ளைகள் ஆடினார்கள். என் பக்கத்தில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அவன் இடது கை விரல்கள் மேசை விளிம்பில் கம்பி தேடி நகர்ந்துகொண்டிருந்தன. எதிரில் இருந்த இளைஞன் உற்சாகமாக, "செம பாட்டுலா மாமா. எந்தப் படம்?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் கையை அழுத்திப் பிடித்தான்.

"தெரியல தம்பி. ஏதோ பழைய படம்" என்று சொல்லிவிட்டு, மோர் ஊற்றச் சொல்லி இலையைக் காட்டினான்.