மோனைக்குப் போட்ட சொல்

எங்கள் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் அப்பாவின் வெண்பா உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து, மைக்கைப் பிடித்து அவரே வாசிப்பார். எல்லாம் 'வாழ்க' என்றுதான் முடியும். யார் வாழ்க என்பது மட்டும் மாறும்.

என் கல்யாணத்துக்கு எழுத மாட்டேன் என்றுவிட்டார். நான் விரும்பியவர் வில்லாபுரத்துச் சௌராஷ்டிர வீட்டுப் பிள்ளை. "ஆளு நல்ல ஆளுதான். ஆனா வீட்டுக்குள்ள அவுக பாஷைதான பேசுவாக? தமிழ் படிச்ச பிள்ள அங்க போயி என்ன செய்வ? தாலி கட்டயில பக்கத்துல நிப்பேன். மைக்க மட்டும் கையில குடுக்காத" என்றார். அம்மா அழுதாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஊருக்கெல்லாம் எழுதிய மனிதர், எனக்கு எழுதினால் என்ன?

அது தொண்ணூறுகளின் கடைசி. பழங்காநத்தத்துக் கல்யாண மண்டபத்தில் எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்து ஒரு தாளை நீட்டினார். "தளை தட்டுதான்னு பாரு. மத்ததப் பாக்காத."

இருமொழி பேசும் இனியவோர் வீட்டில்
ஒருவிளக் கேற்றி ஒளிர்.

குறள் வெண்பா. எம்.ஏ. பரீட்சைக்குப் பிரித்ததைப் போல விரல்விட்டுப் பிரித்தேன். விளத்துக்குப் பின் நேர், மாவுக்குப் பின் நிரை, முடிவில் 'மலர்' வாய்பாடு. இரு, ஒரு என்று எதுகையும் கச்சிதம். எங்கும் தட்டவில்லை.

பார்க்காதே என்றதையும் பார்த்தேன். இதில் 'வாழ்க' இல்லை. ஊருக்குச் சொல்லும் குரல் இல்லை. 'ஒளிர்' என்று என் ஒருத்தியிடம் சொல்கிறது. அந்த வீட்டில் இனி இரண்டு மொழி என்று அவரே முடிவு செய்துவிட்டார். அப்புறம் அந்த 'இனிய'. 'புதிய' என்றாலும் ஓசை நிற்கும். 'கொடிய' என்றாலும் நிற்கும், அப்படி எழுதக்கூடிய கோபத்தில்தான் இத்தனை நாள் இருந்தார்.

"இனியன்னு போட்டிருக்கீங்க?" என்றேன்.

"மோனைக்குப் போட்டது, 'இரு'வுக்கு 'இனி'. ரொம்ப யோசிக்காத."

எனக்கு விட மனமில்லை. "மோனை இல்லாட்டியும் வெண்பா வெண்பாதானப்பா?"

"தெரியும்" என்றார். தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவுவரை போனவர், திரும்பாமலே கேட்டார்: "மைக்க எங்க வச்சிருக்காய்ங்க?"