சித்தப்பா பேரும் ஏறின கடை

பொன்னேரி கடைப் பத்திரத்தில் உங்க சித்தப்பா பேரும் ஏன் இருக்குன்னு பின்னால உங்களுக்குத் தோணலாம். கேட்க நான் இருந்தாலும் இல்லாட்டியும், எழுதி வச்சா நல்லது. உங்க நைனா நான், எட்டாவது வரைக்கும் படிச்சவன். தப்பு இருந்தா திருத்திக்கோங்க.

கடையை நானும் என் தம்பி, உங்க சித்தப்பாவும் பாதிப் பாதி பணம் போட்டுத்தான் வாங்கினோம். பதிவு பண்ற நாள் நம்ம ஊருக்குப் பாடு. ஏரியில் இறால் வலை போட ஊருக்கு ஊர் முறை வரும் இல்லையா, அதுதான் பாடு. எனக்குக் கெளுத்தி மீன் முள் குத்தி இடது கை வீங்கிக் கிடந்துது. வலை பிடிக்க முடியலை.

"நீ போய்க் கையெழுத்து போட்டுட்டு வாண்ணா. பாடு நாள்ல எவனாவது ஆபீசுக்குப் போவானா? யார் பேர்ல இருந்தா இன்னா"ன்னு சொல்லிட்டு சித்தப்பா படகுல ஏறிட்டான். எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. பத்திரம் என் ஒருத்தன் பேர்லயே பதிவாச்சு.

வாடகையையும் பாடு மாதிரியே வச்சுக்கிட்டோம். ஒரு மாசம் எனக்கு, மறு மாசம் அவனுக்கு. நாலு வருஷத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை.

அங்கே மருந்துக்கடை வச்சிருக்கிறவர்தான், "வாடகை பேங்க் வழியா வருது, வருமான வரிக் கணக்கு குடுத்துடுங்க"ன்னு சொன்னார். கணக்கு போட்டுத் தர்ற அம்மாகிட்ட ரெண்டு பேரும் போனோம்.

"கடை யாருது?"

"ரெண்டு பேருதும்மா. இந்த மாசம் இவனுது"ன்னேன்.

அந்தம்மா பேனாவைக் கீழே வச்சாங்க. "கடை இன்னா சைக்கிளா, ஆளுக்கு ஒரு ரவுண்டு போக? பத்திரத்தைக் குடுங்க."

படிச்சுப் பார்த்துட்டு என்கிட்டச் சொன்னாங்க: "முழுக் கடையும் உங்களுது. வாடகையை யார் வாங்கினாலும் வரிக்கு அது உங்க வருமானம். நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உங்க வீட்டம்மாவுக்கும் பிள்ளைங்களுக்கும்தான் போகும்."

"அப்போ நான்?"னான் சித்தப்பா.

"பேப்பர்ல நீங்க இல்லைங்க."

பழவேற்காடு பஸ்ஸில் ஏறினா இறங்குற வரைக்கும் வாய் மூடாதவன், அன்னிக்கு ஜன்னல் பக்கமே பார்த்துக்கிட்டு வந்தான். எனக்கு ஒரே யோசனை. நான் ஏமாத்திட்டேன்னு நினைக்கிறானோ?

வீட்டில் சொன்னேன். உங்க அம்மா குழம்பைக் கூட ஊத்தலை. "முதல்ல அவருகிட்ட போய்ப் பாதியை எழுதித் தர்றேன்னு சொல்லு. அப்புறம் வந்து துன்னு."

நான் போனப்போ அவன் வலையில் சிக்கின நண்டை எடுத்துக்கிட்டிருந்தான். பாதியை எழுதித் தர்றேன்னேன்.

"நான் கேட்டனாண்ணா?"ன்னான்.

"கேக்கலை. அதான் பயமா இருக்கு."

சிரிச்சுட்டான். "நாளைக்கு என் பாதியைக் கேட்டா உன் பிள்ளைங்க தருவாங்களான்னுதான் பஸ்ஸில் யோசிச்சேன்"னான். உங்களைத்தான் சொன்னான்.

பத்திரம் எழுதுறவர்கிட்ட விசாரிச்சோம். கூடப் பொறந்தவனுக்குக் காசு வாங்காம செட்டில்மென்ட்னு எழுதிக் குடுத்தா, வெளியாளுக்கு விக்கிறதை விடக் கட்டணம் ரொம்பக் கம்மி. தம்பிக்குச் சும்மா குடுக்கிறதுக்கு அவனுக்கும் வருமான வரி வராதுன்னு அந்தம்மா சொன்னாங்க. அதுவரைக்கும் வந்த வாடகையை என் பேர்லயே காட்டிட்டேன். இனிமே அவனவன் பாதியை அவனவன் காட்டணும். கடை வரி கட்டின ரசீதைத் தூக்கிப் போடாதீங்க, அந்தத் தொகையை வாடகையில் கழிச்சுக்கலாம். மிச்சத்தில் நூத்துக்கு முப்பது ரிப்பேருக்குன்னு தானாவே கழியும், சுண்ணாம்பு அடிச்சாலும் அடிக்காட்டியும். முக்கியமா, எதை வாங்கினாலும் பணம் போட்டவங்க எல்லார் பேரும் முதல் நாளே பத்திரத்தில் ஏறணும்.

பதிவுக்கு டோக்கன் கிடைச்ச நாளும் பாடு நாளாவே அமைஞ்சுது. வேற நாள் கேட்கலாம்னேன். சித்தப்பா அதுக்குள்ளே சட்டை மாட்டிட்டு வாசல்ல நின்னான்.

சாயந்திரம் திரும்பி வந்தப்போ கரையில் கூடை கூடையா இறால். எங்களுக்குப் பதிலா வலை போடப் போனவன் நல்லா வாரியிருந்தான். சித்தப்பா பத்திரக் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கிட்டு அதையே பார்த்தான்.

"உன்னால எனக்கு ரெண்டு கூடை போச்சுண்ணா"ன்னான். அப்புறம், பஸ்ஸில் பேசிக்கிட்டே வந்து இறாலைப் பார்த்ததும் நிறுத்தின பேச்சை வீடு வரைக்கும் தொடர்ந்தான்.